கல்லை யார் புரட்டுவது?

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு இரண்டு குழந்தைகள். மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு மூன்று. ஒவ்வொரு ஈஸ்டருக்கும் கணவர் வீட்டில் எல்லோரும் கூடுவோம். கொழுந்தனார்கள், நாத்தனார்கள், அவர்கள் பிள்ளைகள் என்று 22 பேர், அதில் பிள்ளைகள் மட்டும் ஒன்பது. போன வருடம் எல்லாம் சொதப்பிவிட்டது. ஈஸ்டருக்கு முந்தின இரவு நடக்கும் பாஸ்கா திருவிழிப்பு வழிபாட்டுக்கு இருவரையும் தூக்கிக்கொண்டு போனேன். சின்னவன் பாதியில் விழித்து அலறினான், பெரியவள் மறுநாள் முழுக்கச் சிணுங்கினாள். முட்டை தேடும் விளையாட்டில் பெரிய பையன்களே எல்லாவற்றையும் பொறுக்கிக்கொண்டார்கள். "பிள்ளை வளர்க்கத் தெரியவில்லை" என்று என் காதுபடவே பேசினார்கள்.

இந்த வருடம் இன்னொரு கஷ்டம். ஐந்து மாதத்துக்கு முன்பு மாமனார் இறந்துவிட்டார். மாமியார் இன்னும் சரியாகச் சாப்பிடுவதில்லை. "இந்தத் தடவை கொண்டாட்டம் வேண்டாம்" என்கிறார்கள் சிலர், "பிள்ளைகளுக்காகவாவது செய்ய வேண்டும்" என்கிறார்கள் சிலர். போன வாரம் மகளுக்கு இயேசு உயிர்த்த கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்போ தாத்தாவும் மூணு நாள்ல வந்திருக்கணுமே, ஏன் வரலை?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? இந்த ஈஸ்டரை எப்படி நடத்துவது?

ஒரு வாசகி
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் மகளின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். முட்டையும் விருந்தும் அப்புறம்.

கதையைக் கவனமாகக் கேட்ட பிள்ளைதான் மூன்று நாள் கணக்கைப் பிடித்துக்கொண்டு இப்படிக் கேட்கும். நீங்கள் எழுந்து போனதைப் பெரிதாக நினைக்க வேண்டாம். மாமனாரை இழந்தவர் நீங்களும்தானே. ஆனால் திரும்பிப் போய் அவள் பக்கத்தில் உட்காருங்கள், ஈஸ்டருக்கு முன்பே உட்காருங்கள். இல்லையென்றால் ஞாயிறு காலையில் வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது, அவள் மட்டும் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

நானாக இருந்தால் இப்படிச் சொல்வேன்: "தாத்தா இறந்துட்டாங்க கண்ணு. அவங்க உடம்பு இனிமே மூச்சு விடாது, அவங்களுக்கு வலிக்காது, பசிக்காது. இந்த ஞாயிற்றுக்கிழமை தாத்தா வரமாட்டாங்க. இயேசுவை எழுப்பின மாதிரி தாத்தாவையும் கடவுள் ஒருநாள் எழுப்புவார்னு நாம நம்புறோம். அது என்னைக்குன்னு அம்மாவுக்குத் தெரியாது. அதுவரைக்கும் அவங்க ஞாபகம் வந்துகிட்டேதான் இருக்கும், அழுகையும் வரும்." வரிசையைக் கவனியுங்கள். வரமாட்டார் என்பது முதலில், நம்பிக்கை அடுத்து. மாற்றிச் சொன்னால் எழுப்புவார் என்பதை மட்டும் கேட்டுக்கொண்டு, எந்த ஞாயிறு என்று எண்ணத் தொடங்கிவிடுவாள்.

ஒரு தடவை சொன்னால் முடியாது, மறுபடியும் கேட்பாள். சாவு திரும்பி வராதது, எல்லோருக்கும் வருவது என்று பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள்தான் பிடிபடத் தொடங்குகிறது. உங்கள் மகள் இப்போது அந்த வயதில் இருக்கிறாள். சின்னவனுக்கு இன்னும் நாள் ஆகும். காலையில் எல்லாம் புரிந்ததுபோல் தலையாட்டிவிட்டு, மதியம் "தாத்தா எங்க?" என்பான். ஒவ்வொரு தடவையும் அதே சொற்களில், அதே பொறுமையோடு சொல்லுங்கள்.

"தாத்தா தூங்குறாங்க" என்று மட்டும் யாரையும் சொல்ல விடாதீர்கள். எனக்கு ஐந்து வயதில் பாட்டி இறந்தபோது வீட்டுப் பெரியவர் ஒருவர் அப்படித்தான் சொன்னார், அன்பாகத்தான் சொன்னார். அதற்குப் பிறகு பல மாதம், அம்மா தூங்கும்போது அவள் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே விழித்திருப்பேன். நான் ஏன் இரவில் தூங்குவதில்லை என்று வீட்டில் யாருக்கும் புரியவில்லை. "பயணம் போயிருக்கிறார்" என்றாலும் இதே கதைதான், அப்பா வெளியூர் போகப் பையை எடுத்தாலே பிள்ளை பதறும். "நல்லவர் என்பதால் ஆண்டவர் எடுத்துக்கொண்டார்" என்றால் ஆண்டவர் மேலேயே பயம் வரும், நல்ல பிள்ளையாக இருக்கவும் பயம் வரும்.

சரி, கொண்டாடலாமா வேண்டாமா?

மாற்கு நற்செய்தியின் கடைசி அதிகாரத்தை இந்த வாரம் ஒரு தடவை நிதானமாகப் படியுங்கள். மகதலா மரியா, யாக்கோபின் தாய் மரியா, சலோமி என்று மூன்று பெண்கள் விடியற்காலையில் கல்லறைக்குப் போகிறார்கள். கையில் நறுமணப் பொருட்கள். இறந்தவர் உடலுக்குப் பூசுவதற்காக வாங்கியவை. வழி நெடுக அவர்களுக்கு ஒரே கவலை, கல்லறை வாயை மூடியிருக்கும் அந்தப் பெரிய கல்லை யார் புரட்டித் தருவார்கள் என்பது. சாவு வீட்டுப் பெண்களின் கவலை அது. எவ்வளவு அழுகை இருந்தாலும் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று யோசித்துக்கொண்டே நடப்பவர்கள். மிகப் பழைய கைப்பிரதிகளில் அந்த நற்செய்தி, வெறும் கல்லறையைப் பார்த்த பெண்கள் பயந்து, நடுங்கி, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் ஓடுவதோடு நின்றுவிடுகிறது. யோவான் எழுதியதில் மகதலா மரியா கல்லறைக்கு வெளியே அழுதுகொண்டு நிற்கிறாள். இயேசு எதிரே வந்து நின்றும் தோட்டக்காரர் என்றே நினைக்கிறாள். பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் அடையாளம் தெரிகிறது.

முதல் ஈஸ்டர் துக்கத்தில் இருந்தவர்களிடம்தான் வந்தது. அதனால் உங்கள் வீட்டில் இந்த வருடம் ஈஸ்டர் வேண்டாம் என்பவர்களிடம் நான் ஒத்துப்போக மாட்டேன். பிள்ளைகளுக்காகத் துக்கத்தை மறைத்துவிட்டுச் சிரிக்க வேண்டும் என்பவர்களிடமும்தான். மாமனாரின் படத்தை எடுத்து உள்ளே வைக்காதீர்கள். சாப்பிடும்போது ஒவ்வொருவரும் அவரைப் பற்றி ஒன்று சொல்லட்டும். அவர் கோபம், அவர் நடை, அவர் சொன்ன கதை, எதுவானாலும். மாமியார் அழுதால் "அழாதீங்க, பிள்ளைங்க பார்க்குது" என்று யாராவது ஓடிவருவார்கள். அவர்களைத் தடுக்கும் பொறுப்பை உங்கள் கணவரிடம் கொடுங்கள். இறந்துபோன நண்பர் லாசரை உயிரோடு எழுப்பப் போகிறோம் என்று தெரிந்திருந்தும் இயேசு கண்ணீர் விட்டார். பாட்டி அழுவதைப் பிள்ளைகள் பார்த்தால் ஒன்றும் ஆகாது. அழுதுவிட்டு முகம் கழுவி வந்து தங்களோடு சாப்பிட உட்காருவதையும் பார்ப்பார்கள் அல்லவா?

புனித வெள்ளியை மறைக்கவும் வேண்டாம். மூன்று வயதுப் பிள்ளைக்கு "இயேசு இறந்துட்டார், அவர் அம்மாவும் நண்பர்களும் அழுதாங்க" என்பது போதும். ஆறு வயதுக்காரிக்குச் சிலுவையைச் சொல்லலாம், காயங்களை வர்ணிக்க வேண்டாம். ரத்தம் தெறிக்கும் காட்சிகள் உள்ள படங்களை அந்த நேரத்தில் தொலைக்காட்சியில் போடாமல் இருக்கச் சொல்லுங்கள். அதைவிட முக்கியமானது ஒன்று: கதையை வெள்ளியில் நிறுத்திவிட்டுப் பிள்ளைகளைப் படுக்கைக்கு அனுப்பாதீர்கள். அன்று இரவே ஞாயிறு வரை சொல்லி முடித்துவிடுங்கள். முடிவு தெரிந்தால் சுவாரசியம் போய்விடும் என்பது பெரியவர்கள் கவலை. பிள்ளைகள் ஒரே கதையை நூறு தடவை கேட்பவர்கள்.

திருவிழிப்பு விஷயத்தில் உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டாம். இருட்டில் ஒரே ஒரு பாஸ்கா திரியிலிருந்து நூறு திரிகளுக்கு வெளிச்சம் பரவுவதைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்று நீங்கள் ஆசைப்பட்டது நல்ல ஆசை. எனக்கும் வருடத்தில் அதைவிடப் பிடித்த நிமிடம் கிடையாது. ஆனால் கத்தோலிக்கத் திருச்சபையிலேயே பல நூற்றாண்டுகளாக அந்த வழிபாடு சனிக்கிழமை காலையில்தான் நடந்துவந்தது. திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1951-இல் சோதனையாக இரவுக்கு அனுமதி கொடுத்து, 1956 முதல் எல்லா இடத்துக்கும் அதை முறையாக்கினார். அந்த நூற்றாண்டுகளின் பிள்ளைகள் இரவுத் திருவிழிப்பைப் பார்க்காமலேயே வளர்ந்தார்கள். இந்த வருடம் நீங்களோ கணவரோ ஒருவர் போங்கள், மற்றவர் பிள்ளைகளோடு இருங்கள். பிள்ளைகளை ஞாயிறு காலை கூட்டிப்போனால் போதும். சனி இரவு வீட்டில் விளக்குகளை அணைத்து ஒரு திரியை ஏற்றிக் காட்டலாம். சின்னவன் கைக்கு எட்டாத உயரத்தில்.

அப்படியே வெளியே கூட்டிப்போய் நிலாவையும் காட்டுங்கள். மார்ச் 21 அல்லது அதற்குப் பிறகு வரும் முதல் முழுநிலவை அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர். மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையே அது அலைவது அதனால்தான். யூதர்களின் பாஸ்கா முழுநிலவில் வரும் பண்டிகை, இயேசு இறந்தது அந்தச் சமயத்தில்தான், ஆகவே பிடிபடுவதற்கு முன் தோட்டத்தில் அவர் ஜெபித்த இரவிலும் மேலே பெரிய நிலா இருந்திருக்கும். உங்கள் மகளுக்கு இது பிடிக்கும் என்று தோன்றுகிறது. அவள் கணக்கு வைக்கிற பிள்ளை.

முட்டை விளையாட்டுக்கு எளிய வழி உண்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நிறம், அவரவர் நிறத்தை மட்டும்தான் எடுக்கலாம். பத்து வயதுக்கு மேற்பட்டவர்கள் தேட வேண்டாம், ஒளித்து வைக்கட்டும். அந்தப் பதவி கொடுத்தால் அவர்கள் சின்னவர்களுக்குக் கண் ஜாடை காட்டி உதவக்கூடச் செய்வார்கள். திறந்து மூடும் முட்டைகளாக இருந்தால் ஒவ்வொரு நிறத்திலும் ஒன்றைக் காலியாக விடுங்கள். காலி முட்டை கிடைத்தால் ஏமாற்றம் வரும் இல்லையா, அதற்குத்தான் பெரிய பரிசு. கல்லறை காலியாக இருந்ததுதானே அன்றைய நல்ல செய்தி! ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலத்தில் முட்டை சாப்பிடக் கூடாது என்றிருந்த காலத்தில் கோழிகள் மட்டும் நிறுத்தாமல் முட்டையிட்டன, சேர்ந்துபோன முட்டைகளெல்லாம் ஈஸ்டருக்கு வந்தன என்ற கதையையும் சொல்லலாம். அவித்த முட்டை என்றால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே கிடந்ததைச் சாப்பிடக் கொடுக்க வேண்டாம். உருண்டை மிட்டாய் எதுவும் சின்னவன் கையில் வேண்டாம், தொண்டையில் சிக்கும். வீட்டில் நாய் இருந்தால் சாக்லேட் அதற்கு விஷம்.

உறவினர் பேச்சைப் பற்றி நீளமாக எழுதப் போவதில்லை. 22 பேர் கூடும் இடத்தில் மூன்று வயதுப் பிள்ளைக்கு அமைதியான ஓர் அறையும் மதியத் தூக்கமும் கிடைத்தால் பாதிப் பேச்சு தானாக நின்றுவிடும். யாரையும் முத்தமிடச் சொல்லி அவனைத் தள்ளாதீர்கள், கைகூப்பினால் போதும். எல்லாவற்றையும் அந்த ஒரே நாளில் செய்துமுடிக்கவும் வேண்டாம். ஈஸ்டர் காலம் பெந்தக்கோஸ்து வரை 50 நாள். நாத்தனார் வீட்டுக்கு அடுத்த வாரம் போகலாம்.

இனி, நான் உங்களை உண்மையிலேயே செய்யச் சொல்வது ஒன்றுதான். வியாழன் அன்றே பிள்ளைகளைக் கூட்டி, ஒரு பெரிய தட்டில் மண் பரப்பி, சின்னச் செடிகள் நட்டு, களிமண்ணில் குகை மாதிரி ஒரு கல்லறை செய்யச் சொல்லுங்கள். ஒன்பது பேருக்கும் அதில் வேலை இருக்கும். மூன்று வயதுக்காரன் தண்ணீர் ஊற்றுவான், தேவைக்கு மேல் ஊற்றுவான், பரவாயில்லை. வெள்ளி மதியம் ஒரு சின்னத் துணியை உள்ளே வைத்து, எல்லோரும் சேர்ந்து கல்லால் வாயை மூடட்டும். சனிக்கிழமை யாரும் அதைத் தொடக் கூடாது. அந்த ஒரு நாள் சும்மா இருப்பது பிள்ளைகளுக்கு மிகக் கஷ்டம், அவர்கள் பத்துத் தடவை வந்து எட்டிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

ஞாயிறு காலை அவர்கள் எழுந்து ஓடிவரும்போது கல் நகர்ந்திருக்க வேண்டும், துணி மடித்து ஓரமாக வைக்கப்பட்டிருக்க வேண்டும். யோவான் அதைக்கூட விடாமல் எழுதியிருக்கிறார், தலையில் சுற்றியிருந்த துணி மட்டும் தனியாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது என்று. அந்த வேலையை உங்கள் மாமியாரிடம் கேளுங்கள். எப்படியும் அவருக்கு இப்போது விடியற்காலையில் தூக்கம் இருக்காது. இருட்டில் எழுந்து, வீடு முழுக்கத் தூங்கும்போது, தனியாகப் போய் அதைச் செய்யட்டும். அவர் மறுத்தால் வற்புறுத்த வேண்டாம், பக்கத்தில் இருந்து பார்த்தால்கூடப் போதும். ஆனால் மறுக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

கல்லை மட்டும் நீங்களே தேர்ந்தெடுங்கள். பிள்ளைகள் பெரியதாகத்தான் தூக்கிவருவார்கள். பாட்டி ஒரு கையால் தள்ளக்கூடியதாக இருக்கட்டும்.

அன்புடன்,
அக்கா