சந்தேகம் கேட்பது அவமதிப்பா?

கேள்வி: நாட்டுக்கு ஏவுகணைத் தடுப்புக் கவசம் அமைக்கும் சுதர்சன சக்கரத் திட்டம் 2035-க்குள் நிறைவேறிவிடும் என்று செங்கோட்டையிலேயே அறிவித்துவிட்டார்கள். அதன்பின் எந்த ஏவுகணையும் நம் நகரங்களை நெருங்காது. இதில் போய்ச் சந்தேகம் கிளப்புகிறவர்கள் நம் விஞ்ஞானிகளை அவமதிக்கிறார்கள் அல்லவா?
– வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: இல்லை ஐயா. ஏவுகணைகளைத் தடுக்கும் அமெரிக்காவின் ‘நட்சத்திரப் போர்’ திட்டத்துக்கு ஆலோசனை சொல்ல அமைத்த குழுவிலிருந்து 1985-ல் விலகிய டேவிட் பார்னஸ், பெயர்பெற்ற மென்பொருள் அறிஞர். உண்மையான போர்ச் சூழலில் சோதித்துப் பார்க்கவே முடியாத மென்பொருளை நம்பி ஒரு நாட்டின் உயிரை ஒப்படைக்கக் கூடாது என்றார் அவர். உங்கள் ஊரில் தெருவுக்குப் பத்துப் பேர் மென்பொருள் எழுதுகிறார்கள். முதல் ஓட்டத்திலேயே பிழையின்றி ஓடிய நிரல் எது என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

1991 பிப்ரவரி 25, வளைகுடாப் போர், சவூதியின் தஹ்ரான். அங்கே அமெரிக்காவின் ஏவுகணைத் தடுப்பு அமைப்பான பேட்ரியாட் தொகுதி ஒன்று நூறு மணி நேரமாக நிறுத்தாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதன் கணினி நேரத்தைப் பத்தில் ஒரு விநாடியாக எண்ணும். பத்தில் ஒன்றை, கணினி பயன்படுத்தும் இரும எண்ணில் (0, 1 மட்டும்) முழுமையாக எழுத முடியாது. கடைசியில் ஒரு துளி விடுபடும். அந்தத் துளிகள் சேர்ந்து சேர்ந்து கணினியின் நேரம் மூன்றில் ஒரு விநாடி பிசகியிருந்தது. அந்த இடைவெளியில் ஈராக் ஏவிய ஸ்கட் ஏவுகணை அரை கிலோமீட்டருக்கு மேல் பாய்ந்துவிடும். ரேடார் தவறான இடத்தில் தேடியது. தடுப்பு ஏவுகணை கிளம்பவே இல்லை. அமெரிக்கப் படைவீரர்கள் தங்கியிருந்த கட்டடத்தில் 28 பேர் மாண்டார்கள். திருத்திய மென்பொருள் மறுநாள்தான் வந்து சேர்ந்தது.

நம்மவர்கள் 2006 முதல் தடுப்பு ஏவுகணைகளைச் சோதித்து வெற்றி கண்டிருக்கிறார்கள். சி.வி. ராமன் நகரில் ரேடார் உருவாக்குகிறவர்களின் உழைப்பு சாதாரணமானதல்ல. ஆனால் சோதனையில் இலக்கை அனுப்புவதும் நாமே, தடுப்பதும் நாமே. எதிரியோ நேரம் சொல்லிவிட்டு வரமாட்டான். காற்றில்லாத வெளியில் கனத்த வெடிமுனையும் வெறும் பலூனும் ஒரே வேகத்தில் செல்லும். ஏமாற்றுவதற்காக வெடிமுனையோடு பத்துப் பலூன்களையும் எதிரி அவிழ்த்துவிட்டால் எதைச் சுடுவது? டிரோன்களில் ஒன்று தப்பினால் ஒரு கட்டடம் போகும். அணுகுண்டு ஒன்று தப்பினால் நகரமே போகும்.

கவசம் கட்டினால் எதிரி ஏவுகணைகளைக் கூட்டுவான். அந்த அச்சத்தில்தான் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் 1972-ல் ஒப்பந்தம் போட்டுக் கவசங்களுக்கு வரம்பு வைத்தன. 2002-ல் அமெரிக்கா அதிலிருந்து விலகியது. 2018-ல் புதிய ஆயுதங்களை அறிவித்த ரஷ்ய அதிபர் புதின், அந்த விலகலையே காரணம் காட்டினார்.

சோதனைகளில் போலி இலக்குகள் இருந்தனவா, எத்தனை ஏவுகணைகள் ஒரே நேரத்தில் வந்தன, செலவு எவ்வளவு: இவற்றை நாடாளுமன்றக் குழுவின் முன் வைக்கச் சொல்லி உங்கள் எம்.பி.க்கு எழுதுங்கள்.