1960களில் வந்த அமெரிக்கப் பெரிய கார் ஒன்றை வாங்கிப் புதுப்பிக்க ஆசை. உதிரிபாகங்கள் கிடைக்குமா? எங்கே தேடுவது?

கிடைக்கும். இன்ஜினுக்கு வேண்டியது இரண்டு நாளில் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். ஒரு கதவு கிடைக்க எனக்குப் பதினொரு மாதம் ஆனது. இந்த வித்தியாசம் முன்பே தெரிந்திருந்தால் நான் வேறு கார் வாங்கியிருப்பேன்.

1960களின் கார் என்று பொதுவாகக் கேட்டிருக்கிறீர்கள். நான் கைவைத்தது ஒரே ஒரு காரில்தான்: 1965 செவர்லே இம்பாலா. மிச்சிகனில் இருக்கிறேன், 2016இல் வாங்கினேன். நான்கு கதவு செடான், 283 கன அங்குல வி8 (எட்டு சிலிண்டர்) இன்ஜின், இரண்டே கியர் உள்ள பவர்கிளைட் ஆட்டோமேட்டிக். நீளம் 18 அடிக்கு மூன்று அங்குலம் குறைவு. கராஜ் கதவை மூடுவதற்காக எதிர்ச் சுவரில் இருந்த அலமாரியைக் கழற்ற வேண்டியிருந்தது. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இந்த பிளசரை எதுக்குடா வாங்கின, குடிபோறதுக்கா?" என்றார். காரைப் பிளசர் என்று யாரும் சொல்லிக் கேட்டே முப்பது வருஷம் இருக்கும்.

இன்ஜினைப் பற்றிக் கவலையே வேண்டாம். செவர்லேயின் ஸ்மால் பிளாக் என்ற வி8 இன்ஜின் குடும்பம் 1955இல் வந்தது. 2011இல் அந்தக் குடும்பத்தின் பத்துக் கோடியாவது இன்ஜினைச் செய்து முடித்தார்கள். 283 அதன் ஆரம்ப காலத்துப் பிள்ளை. கேஸ்கெட், வாட்டர் பம்ப், பெட்ரோல் பம்ப், கார்புரேட்டர் கிட் எல்லாம் பக்கத்து ஸ்பேர்ஸ் கடையில் சொல்லிவைத்தாலே வரும். அம்பாசடரில் கைவைத்தவருக்கு அந்நியமாகவும் தெரியாது. அதே மாதிரி டிஸ்ட்ரிபியூட்டர், அதே மாதிரி பாயிண்ட். நான் எட்டு பிளக் வயரையும் மொத்தமாகப் பிடுங்கிவிட்டு, 5ஐயும் 7ஐயும் மாற்றிச் செருகி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கார்புரேட்டரைத் திட்டிக்கொண்டிருந்தேன். சிலிண்டர்களில் தீப்பொறி விழும் வரிசை 1-8-4-3-6-5-7-2. வயரில் டேப் ஒட்டி எண் எழுதிவிட்டுக் கழற்றுங்கள்.

தெருவில் இறக்கும் முன் இரண்டு வேலை. 1965 காரில் பிரேக் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றைச் சுற்று. எங்கே கசிந்தாலும் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய், பெடல் தரையைத் தொடும். 1967 மாடலில் வந்த இரட்டைச் சுற்று சிலிண்டரை மாட்டிவிடுவது எளிது, விலையும் குறைவு. அடுத்தது பெட்ரோல் ஹோஸ். இங்கே இப்போது வரும் பெட்ரோலில் 10 சதவீதம் எத்தனால் கலந்திருக்கிறது. பழைய ரப்பரை அது அரித்துவிடும். மொத்தமாக மாற்றிவிடுங்கள்.

சரி, கதவுக்கு வருவோம். நான் கொடுத்த விலை 4,800 டாலர். அதே நிலையில் இருந்த இரண்டு கதவு இம்பாலாவுக்கு அதைப்போல மூன்று மடங்கு கேட்டார்கள். லாபம் என்று வாங்கிவிட்டேன். வாங்கிய பிறகுதான் பட்டியல்களைப் பிரித்துப் பார்த்தேன். இப்போது புதிதாகச் செய்யப்படும் பாடித் தகடுகள், கதவின் வெளித்தகடு, ரப்பர் பீடிங், உள் அலங்காரம் எல்லாம் பெரும்பாலும் இரண்டு கதவு கூப்பேக்கும் கன்வர்ட்டிபிளுக்கும்தான். அந்தக் கார்களுக்குத்தான் பணம் செலவழிப்பவர்கள் இருக்கிறார்கள், அதனால் அவற்றுக்குத்தான் பாகம் செய்கிறார்கள். நான்கு கதவுக்காரன் காயலான் கடைக்குத்தான் போக வேண்டும்.

என் காரின் இடது பின் கதவு கீழே உப்பில் கரைந்துபோயிருந்தது. மிச்சிகனில் குளிர்காலத்தில் சாலையில் உப்பைக் கொட்டுவார்கள். ஆகவே இங்குள்ள பழைய கார் யார்டுகளில் தேடி எந்தப் பயனும் இல்லை, அங்கே கிடக்கும் கதவும் அதே இடத்தில்தான் கரைந்திருக்கும். அரிசோனா, நியூ மெக்சிகோ மாதிரி வறண்ட மாநிலங்களில் தேட வேண்டும். வெயிலில் சீட்டும் டாஷ்போர்டும் வெடித்திருக்கும், ஆனால் தகரம் சுத்தமாக இருக்கும். கடைசியில் அரிசோனாவில் ஒரு கதவு கிடைத்தது. நம் ஊரில் ஆம்னி பஸ்ஸில் பார்சல் போடுவோமே, அதே மாதிரி கிரேஹவுண்ட் பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்கள். பழைய மெத்தையில் சுற்றிக் கயிறு கட்டி வந்தது. உள்ளே கைப்பிடிக்குப் பின்னால் பாலைவன மணல் ஒரு கைப்பிடி இருந்தது.

எது எதற்குப் பொருந்தும் என்பது தனிக் கலை. 1964 இம்பாலா பெயரில்தான் ஒன்று. 1965இல் சேஸிஸும் பாடியும் முழுக்க மாறிவிட்டன. 65க்கும் 66க்கும் நிறையப் பொருந்தும், ஆனால் பின் விளக்கு பொருந்தாது. 65 இம்பாலாவில் பக்கத்துக்கு மூன்று வட்ட விளக்குகள், அதைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். ஜெனரல் மோட்டார்ஸின் பி பாடி என்ற அதே பொது அமைப்பில்தான் பியூக் லெசேபர், போன்டியாக் கேட்டலினா, ஓல்ட்ஸ்மொபில் 88 எல்லாம் வந்தன. எந்தப் பாகம் எதோடு ஒத்துப்போகும் என்பதை ஹாலண்டர் கையேட்டில் பார்த்துக்கொண்டு யார்டுக்குப் போன் செய்யுங்கள். "இம்பாலா கதவு இருக்கிறதா" என்று மட்டும் கேட்டால் இல்லை என்று சொல்லி வைத்துவிடுவார்கள்.

குரோம் பாகங்களுக்கு பென்சில்வேனியாவின் ஹெர்ஷீ ஊரில் அக்டோபரில் நடக்கும் பழைய கார்ச் சந்தைக்கு ஒரு முறையாவது போங்கள். ஆம், சாக்லேட் ஊர்தான். தெருவிளக்குகூட ஹெர்ஷீஸ் கிஸ்ஸஸ் சாக்லேட் வடிவில் இருக்கும். காரில் கழற்றிய பாகத்தை மறக்காமல் கையில் எடுத்துச் செல்லுங்கள். போட்டோவை நம்பி நான் வாங்கிய ஒரு பட்டை அரை அங்குலம் நீளம். இன்னொன்று, கண்ணாடியைச் சுற்றி வரும் பட்டை ஸ்டெயின்லெஸ், நெளிந்திருந்தால் தட்டி நிமிர்த்தி வீட்டிலேயே பாலீஷ் போடலாம். துத்தநாகக் கலவையில் வார்த்த சின்னங்களும் விளக்கு வளையங்களும் அப்படியல்ல. புள்ளி புள்ளியாக அரித்த பிறகு அவற்றுக்கு மறுபடி முலாம் போடக் கேட்கும் காசில் நல்ல பழைய பாகமே வாங்கிவிடலாம். நான் ஒரு கடையில் கொடுத்துவிட்டு எட்டு மாதம் காத்திருந்தேன், நான்கில் மூன்றுதான் திரும்பி வந்தது.

அப்புறம், காரைப் பார்க்கப் போகும்போது பானட்டைத் திறப்பதற்கு முன் டிக்கியைத் திறங்கள். நான் ஸ்பேர் வீலைத் தூக்கினேன், அதன் கீழே கராஜ் தரையில் கிடந்த ஸ்பேனர் தெரிந்தது. காரணம் பின் கண்ணாடி. சுற்றியுள்ள பட்டையைப் பிடித்திருக்கும் கிளிப்புகளுக்கு அடியில் தண்ணீர் தேங்கி, அந்த விளிம்பு துருப்பிடித்து, மழை நேராக டிக்கிக்குள் இறங்குகிறது. ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றிப் பின் சக்கரத்துக்குப் பின்னால் கீழே ஒட்டிப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் அது தகரம் இல்லை, பட்டி. டிங்கரிங் வேலைக்கு மட்டும் எனக்கு 6,000 டாலர் ஆனது, காரின் விலையை விட அதிகம்.

நீங்கள் பார்த்து வைத்திருப்பது இரண்டு கதவா நான்கு கதவா, எந்த மாநிலத்தில் நிற்கிறது என்று எழுதுங்கள். மீதியைச் சொல்கிறேன்.