ரோம்: கைவிடப்படாத கற்கள் (கேள்வி பதில்)

ரோம் நகரின் வரலாறு, பண்பாடு பற்றி வாசகர்கள் கேட்டவற்றுள் சிலவற்றுக்கு இங்கே விடை எழுதுகிறேன்.

ரோம் கி.மு. 753இல் நிறுவப்பட்டது என்று பள்ளியில் படித்தோம். அது உறுதியான ஆண்டுதானா?

அது மரபு சொல்லும் ஆண்டு. பாலட்டைன் குன்றில் ஏறத்தாழ அக்காலத்தைச் சேர்ந்த குடிசைகளின் கம்பக்குழிகளை அகழாய்வாளர்கள் கண்டெடுத்துள்ளனர். ஆனால் ஒரே நாளில் ஒரு மன்னன் நகரை நிறுவினான் என்பது கதை. அந்தக் கதையை ரோமானியர் இன்றும் மறக்கவில்லை, ஏப்ரல் 21ஆம் நாளை நகரின் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள்.

பழைய கோயில்கள் பலவும் தூண்களாக மட்டும் மிஞ்சியிருக்க, பாந்தியன் மட்டும் கூரையோடு முழுமையாக நிற்பது எப்படி?

முதற்காரணம் அதன் கட்டுமானம். குவிமாடத்தின் விட்டமும் தரையிலிருந்து அதன் உச்சிவரையிலான உயரமும் ஏறத்தாழ 43.3 மீட்டர், உள்ளே இரும்புக்கம்பி எதுவும் இல்லை. அடிப்பகுதியின் கான்கிரீட்டில் கனமான கற்களையும், மேலே போகப்போக இலேசான கற்களையும், உச்சியை ஒட்டி நுரைக்கல்லையும் கலந்திருக்கிறார்கள். அடியில் சுமார் 6 மீட்டராக இருக்கும் தடிமன் உச்சியில் 1.2 மீட்டராகக் குறைந்துவிடுகிறது. நடுவிலுள்ள வட்டத் திறப்பு வழியாக மழை உள்ளே விழும். தரை சற்றே மேடாக அமைந்திருப்பதால் அந்த நீர் சரிந்து, சலவைக்கல்லில் குடைந்த சிறு துளைகளில் வடிந்துவிடும்.

முகப்பில், பேரரசர் அகஸ்டஸின் தளபதி அக்ரிப்பா கட்டியதாகக் கல்வெட்டு இருக்கிறது. ஆனால் இன்று நாம் காண்பது கி.பி. 126ஐ ஒட்டி, பேரரசர் ஹேட்ரியன் காலத்தில் முடிந்த கட்டடம் என்பதைச் செங்கற்களில் பதிந்துள்ள முத்திரைகள் காட்டிக்கொடுத்தன. புதிதாகக் கட்டியவர் தம் பெயரை விடுத்து முன்னவர் பெயரையே பொறித்தது என்னை எப்போதும் நெகிழச் செய்யும் செய்தி.

இரண்டாவது காரணத்தையே நான் பெரிதாகக் கருதுகிறேன். கி.பி. 609இல் போப் நான்காம் போனிஃபேஸ் இதைக் கிறித்தவத் தேவாலயமாக்கினார். அன்றுமுதல் அங்கே வழிபாடு நடந்ததால், கூரை பழுதானால் கவலைப்பட ஆள் இருந்தார்கள். அதற்கும் விதிவிலக்கு உண்டு: 17ஆம் நூற்றாண்டில் பார்பெரினி குடும்பத்தைச் சேர்ந்த போப் எட்டாம் அர்பன் முன்மண்டபத்தின் வெண்கல உத்திரங்களைக் கழற்றி உருக்கிவிட்டார். "காட்டுமிராண்டிகள் செய்யாததைப் பார்பெரினிகள் செய்தார்கள்" என்று ஊர் அவரைப் பழித்த வாசகம் இன்றுவரை வழங்குகிறது.

கொலோசியத்தின் ஒரு பக்கம் உடைந்திருப்பது போரினாலா?

இல்லை. 1349ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் தென்புற வெளிச்சுவர் பெரிதும் சரிந்தது. விழுந்த கற்கள் அரண்மனைகளுக்கும் தேவாலயங்களுக்கும் போயின, சலவைக்கற்கள் சூளையில் வெந்து சுண்ணாம்பாயின.

அடுத்த மாதம் குடும்பத்தோடு ரோம் செல்கிறோம். தெருக்குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாமா?

தாராளமாகக் குடிக்கலாம். 1870களிலிருந்து வைக்கப்பட்டுவரும் வார்ப்பிரும்புக் குழாய்கள் நகரெங்கும் சுமார் 2,500 உள்ளன. வளைந்த மூக்குப்போல இருப்பதால் அவற்றை 'நசோனி', அதாவது பெரிய மூக்குகள், என்கிறார்கள். குழாயின் வாயை விரலால் அடைத்தால், வளைவின் மேலுள்ள சிறு துளை வழியாகத் தண்ணீர் மேலெழும்பி வாய்க்கு நேரே வரும். குழந்தைகளுக்கு முதலில் இதைக் காட்டுங்கள்.

டிரெவி நீரூற்றைப் பார்க்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். அதற்கு நீர் தரும் கால்வாய் கி.மு. 19இல் அக்ரிப்பா வெட்டியது. கி.பி. 537இல் நகரை முற்றுகையிட்ட காத்தியர் என்ற ஜெர்மானிய இனத்தவர் நீர்வழிகளைத் துண்டித்தபோது ரோம் தாகத்தால் சுருங்கியது. பெரும்பகுதி நிலத்தடியில் ஓடும் இந்தக் கால்வாயோ பழுதுபார்க்கப்பட்டு மீண்டும் மீண்டும் பயனுக்கு வந்தது.

தமிழகத்தோடு ரோமுக்கு இருந்த தொடர்பு அந்த நகரிலேயே எங்காவது தெரிகிறதா?

தெரிகிறது. பேரரசர் டொமிஷியன் காலத்தில், நகரின் நடுவே மிளகுக்கும் நறுமணப் பொருள்களுக்கும் தனிக் கிடங்கு கட்டப்பட்டது. அதன் எச்சங்கள் மக்சென்டியஸ் மண்டபத்தின் அடியில் கிடக்கின்றன. யவனர் கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதாக அகநானூற்றின் 149ஆம் பாடல் சொல்லும் முசிறித் துறையிலிருந்து போன சரக்கு அத்தகைய கிடங்குகளுக்கே சென்றது. கி.பி. 408இல் காத்தியர் தலைவன் அலாரிக் ரோமை முற்றுகையிட்டபோது விலகிப்போகக் கேட்ட பொருள்களில் 5,000 ராத்தல் பொன்னோடு 3,000 ராத்தல் மிளகும் இருந்தது.

ஒரே நாள்தான் இருக்கிறது. கூட்டமில்லாமல், ரோமின் முழு வரலாற்றையும் உணரும்படி ஓர் இடம் சொல்லுங்கள்.

கொலோசியத்துக்கு அருகிலுள்ள புனித கிளெமெண்ட் தேவாலயம். தெருமட்டத்தில் இருப்பது 12ஆம் நூற்றாண்டுக் கோயில். படியிறங்கினால் 4ஆம் நூற்றாண்டுக் கோயில். அதன் சுவரோவியம் ஒன்றில், தலைவன் தன் பணியாட்களைத் திட்டி இழுக்கச் சொல்லும் சொற்கள், இலத்தீன் இத்தாலியமாகத் திரிந்துகொண்டிருந்த காலத்துப் பேச்சு வழக்கிலேயே எழுதப்பட்டுள்ளன. இன்னும் இறங்கினால் முதல் நூற்றாண்டுக் கட்டடங்களும் மித்ரா என்னும் பழங்கடவுளின் வழிபாட்டுக்கான குகைபோன்ற அறையும் இருக்கின்றன. 1857இல் அயர்லாந்துத் துறவி முல்லூலி தோண்டத் தொடங்கும்வரை கீழேயுள்ள கோயிலை யாரும் அறிந்திருக்கவில்லை. அடித்தளத்தில் சற்று நேரம் பேசாமல் நில்லுங்கள். சுவருக்குப் பின்னால் தண்ணீர் ஓடும் ஓசை கேட்கும்.