அந்த சின்ன பாட்டில குப்பைல போட்டுடாதீங்க

கேள்வி: அக்கா, நாங்க நியூஜெர்சில இருக்கோம். பையனுக்கு 16 வயசு, 11வது படிக்கிறான், ஸ்கூல் ரெஸ்லிங் டீம்ல இருக்கான். ஸ்டீராய்டு டெஸ்டுக்கு சம்மதம்னு ஸ்கூல்ல இருந்து ஒரு ஃபார்ம் வந்திருக்கு, அவனும் நாங்களும் கையெழுத்து போடணுமாம். என் வீட்டுக்காரர் "நம்ம பையன என்னன்னு நினைச்சாங்க, போடாத"ங்கறார். பையனுக்கு ஆஸ்துமா வேற, தினம் இழுக்கற இன்ஹேலர்ல ஸ்டீராய்டு இருக்குன்னு டாக்டரே சொல்லியிருக்கார். போன வாரம் அவன் ரூம்ல ஒரு ப்ரீ-ஒர்க்அவுட் (உடற்பயிற்சிக்கு முன்னாடி குடிக்கற பவுடர்) டப்பாவும், சொட்டு மருந்து மாதிரி ஒரு சின்ன பாட்டிலும் பாத்தேன். பாட்டில் மேல "ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதர்கள் உட்கொள்ளக் கூடாது"ன்னு இங்கிலீஷ்ல போட்டிருக்கு. கேட்டா "எல்லாரும் எடுக்கறாங்கம்மா, வெறும் சப்ளிமென்ட்"ங்கறான். மாட்டிக்கிட்டா காலேஜ் போச்சா? பேசாம எல்லாத்தையும் குப்பைல கொட்டிடவா?
— பெயர் வேண்டாம், நியூஜெர்சி

பதில்: ஃபார்ம் விஷயத்த மொதல்ல முடிச்சிடுவோம், இருக்கறதுலயே அதுதான் சின்னது. உங்க பையன் மேல சந்தேகப்பட்டு யாரும் அனுப்பல, உங்க மாநிலத்துல ஹைஸ்கூல் டீம்ல ஆடற எல்லா பசங்களுக்கும் இதே காகிதம்தான். 2005 டிசம்பர்ல அப்போ கவர்னரா இருந்த ரிச்சர்ட் கோடி போட்ட உத்தரவு, 2006 சீசன்ல இருந்து நடைமுறைக்கு வந்துச்சு, மாநிலம் பூரா ஹைஸ்கூல் பசங்களுக்கு ஸ்டீராய்டு டெஸ்ட் கொண்டு வந்ததுல அமெரிக்காவுலயே நியூஜெர்சிதான் மொதல்ல. அதுக்காக எல்லாரையும் டெஸ்ட் பண்றாங்கன்னு இல்ல, மாநில சாம்பியன்ஷிப் போட்டிக்கு தகுதி வாங்கற டீம், ஆளுங்க இவங்கள்ல இருந்து சிலர எடுப்பாங்க. உங்க வீட்டுக்காரரோட கோவமும் புதுசு இல்ல, ஓரிகான்ல ஒரு குடும்பம் இதே கோவத்தோட சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு, 1995ல 6க்கு 3ன்னு ஸ்கூல் பக்கம்தான் தீர்ப்பாச்சு. கையெழுத்து இல்லன்னா போட்டில இறங்க முடியாது, அவ்ளோதான்.

இன்ஹேலருக்கு பயப்படாதீங்க. ஆஸ்துமாவுக்கு குடுக்கறது வீக்கத்த குறைக்கற வகை, தசைய ஏத்தற அனபாலிக் வகை வேற, ஸ்கூல் டெஸ்ட் தேடறது ரெண்டாவத. மூச்சு திணறும்போது அடிக்கற ஆல்புடெரால் மாதிரி மருந்துகளுக்கு மட்டும் டாக்டர் சீட்டு கைவசம் இருக்கணும், நியூஜெர்சி விதியே டாக்டர் எழுதிக் குடுத்து வியாதிக்காக எடுத்தா குத்தமில்லன்னுதான் சொல்லுது. இந்த பயத்துல அவன் இன்ஹேலர நிறுத்திடாம மட்டும் பாத்துக்கோங்க.

இப்ப அந்த பாட்டிலுக்கு வரேன், உங்க லெட்டர படிக்கும்போது எனக்கு திக்குன்னு ஆனது அங்கதான். "ஆராய்ச்சிக்கு மட்டும்"னு ஒட்டி ட்ராப்பரோட விக்கற திரவம்னா பெரும்பாலும் சார்ம்ஸ்னு சொல்ற வகையா இருக்கும், லேபிள்ல ஆஸ்டரின், லிகாண்ட்ரால், ஆர்.ஏ.டி 140 இப்படி ஏதாவது பேர் இருக்கான்னு பாருங்க. ஸ்டீராய்டு பண்ற வேலைய செய்யும் ஆனா ஸ்டீராய்டு இல்லன்னு சொல்லி பசங்ககிட்ட தள்ளி விடறாங்க. இதுல எதுக்குமே எஃப்.டி.ஏ (அமெரிக்க அரசோட உணவு, மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு) ஒப்புதல் கிடையாது, கல்லீரல் பாதிப்பு, ஹார்ட் அட்டாக், ஸ்ட்ரோக் அபாயம் இருக்குன்னு 2017ல அவங்களே பொதுவா எச்சரிக்கை விட்டாங்க. மனுஷன் சாப்பிடக்கூடாதுன்னு லேபிள்ல போட்டுக்கறது விக்கறவன் சட்டத்துல இருந்து நழுவறதுக்குத்தான், வாங்கறவன் குடிக்கத்தான் வாங்கறான்னு அவனுக்கு நல்லாவே தெரியும். டெஸ்ட் லிஸ்ட்ல இது அனபாலிக் பிரிவுலதான் வரும், அதனால "ஸ்டீராய்டு இல்லியே"ங்கற பேச்செல்லாம் அங்க எடுபடாது. 16 வயசுல இன்னொரு கஷ்டம், உடம்பு தானா ஹார்மோன் சுரந்து வளந்துக்கிட்டிருக்கற நேரத்துல வெளில இருந்து இத ஊத்தினா உள்ள சுரக்கறது படுத்துடும், அசல் ஸ்டீராய்டா இருந்தா எலும்போட வளர்ச்சி நுனி முன்னாடியே மூடிக்கிட்டு உயரம் அங்கயே நின்னுடும், அப்பறம் திரும்பாது.

அதனாலதான் குப்பைல போட வேண்டாங்கறேன். லேபிள நாலு பக்கமும் ஃபோட்டோ எடுத்து, பாட்டிலயே கையோட எடுத்துக்கிட்டு இந்த வாரமே குழந்தைகள் டாக்டர்கிட்ட கூட்டிட்டு போங்க. கல்லீரல், கொலஸ்ட்ரால், டெஸ்டோஸ்டிரோன் இதுக்கு ரத்தம் எடுத்து பாக்க சொல்லுங்க. கண்ணு மஞ்சளாறது, யூரின் கருத்து போறது, உடம்பு அரிப்பு, இதுல ஏதாவது இருந்தா அப்பாயின்ட்மென்டுக்கு காத்திருக்காம அன்னைக்கே போகணும். டாக்டர் ரூம்ல கொஞ்ச நேரம் உங்கள வெளிய இருக்க சொல்வாங்க, இருங்க, அம்மா எதுர சொல்லாதத அவன் அங்க சொல்லுவான்.

இன்னொண்ணு, இந்த மாதிரி மருந்து நிறுத்தினப்பறம் சில பசங்க சோந்து போயி மனசு உடைஞ்சு உக்காந்துடறாங்க. டெக்ஸாஸ்ல 2003ல ஒரு பேஸ்பால் பையன் உயிர விட்டதுக்கு ஸ்டீராய்டுதான் காரணம்னு அவன் பெத்தவங்க ஊர் ஊரா பேசினாங்க, அங்க ஸ்கூல் டெஸ்ட் சட்டம் வந்ததுக்கு அந்த பேச்சும் ஒரு காரணம். நிறுத்தின பிறகு கொஞ்ச மாசம் அவன் தூக்கம், சாப்பாடு, பேச்சு எல்லாத்து மேலயும் ஒரு கண்ணு வைங்க, மனசு சரியில்லன்னு தோணிச்சுன்னா 988ங்கற மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிடலாம்.

டெஸ்ட்ல மாட்டினா என்ன ஆகும்? ஒரு வருஷம் ஆட முடியாது, திரும்ப வரணும்னா கவுன்சிலிங் போயி மறுபடி டெஸ்ட் குடுத்து சுத்தம்னு காட்டணும். ரிசல்ட் பையனுக்கும் உங்களுக்கும் ஸ்கூலுக்கும் மட்டும்தான் போகும், காலேஜுக்கு அவங்க சொல்றதில்ல. ஆனா நான் கவலைப்படறது மாட்டிக்காம போயிட்டா என்னங்கறதுக்குத்தான். அதே டெக்ஸாஸ்ல 2008ல டெஸ்ட் ஆரம்பிச்சு, கிட்டத்தட்ட 1 கோடி டாலர் செலவு பண்ணி 60 ஆயிரத்துக்கு மேல பசங்கள டெஸ்ட் பண்ணி, மாட்டினது ரொம்ப ரொம்ப கொஞ்சம் பேர்தான், 2015ல மூட்டை கட்டிட்டாங்க. பசங்க யாருமே எடுக்கலன்னு இதுக்கு அர்த்தம் பண்ணிக்க முடியுமா? எத்தன நாள் முன்ன நிறுத்தணும்னு தெரிஞ்சவன் தப்பிச்சிடுவான், சும்மா கடைல வாங்கின கலப்பட பவுடர குடிச்சவன் மாட்டிக்குவான், அதனால நெகட்டிவ்னு ஒரு காகிதம் வந்தா அதோட நிம்மதி ஆயிடாதீங்க.

கலப்படம்னு சொன்னது அந்த டப்பாவுக்கும்தான். 1994 சட்டப்படி இங்க சப்ளிமென்ட் விக்கறதுக்கு முன்னாடி எஃப்.டி.ஏ ஒப்புதல் தேவையே இல்ல, டிஎம்ஏஏன்னு ஒரு ஊக்க மருந்து ப்ரீ-ஒர்க்அவுட் பவுடர்கள்ல வருஷக்கணக்கா இருந்து அப்பறம்தான் நடவடிக்கை எடுத்தாங்க. கலப்படமே இல்லன்னாலும் ஒரு ஸ்கூப்ல 150ல இருந்து 300 மில்லிகிராம் காஃபின் இருக்கும், டீன் ஏஜ் பசங்களுக்கு ஒரு நாளைக்கு 100 தாண்டக்கூடாதுன்னு குழந்தைகள் டாக்டர்கள் சொல்றாங்க. பக்கத்துல நியூயார்க்ல 2024ல இருந்து தசை ஏத்தற, எடை குறைக்கற சப்ளிமென்ட 18க்கு கீழ விக்கவே கூடாது. டப்பா வேணும்னே அடம் பிடிச்சா தடை செஞ்ச மருந்து கலந்திருக்கான்னு வெளி ஆளுங்க சோதிச்சு குடுக்கற என்.எஸ்.எஃப் சர்டிஃபைட் ஃபார் ஸ்போர்ட் முத்திரை இருக்கறதா வாங்குங்க, அதுவும் ஸ்கூல் அத்லெடிக் ட்ரெய்னர்கிட்ட காட்டிட்டு. ரெஸ்லிங்ங்கறதால இதையும் கேளுங்க, வெயிட் க்ளாஸுக்காக தண்ணி இறங்கற மாத்திரை எதாவது போடறானான்னு, அதுவும் தடை லிஸ்ட்ல இருக்கு, பசங்க அத மருந்துன்னே நினைக்கறதில்ல.

பையன்கிட்ட பேசும்போது மொத தடவை நீங்க மட்டும் பேசுங்க, கத்தற அப்பா முன்னாடி எந்த பிள்ளையும் உண்மை சொல்லாது (உங்க வீட்டுக்காரர் கோச்சுக்க வேண்டாம், பாதி வீட்ல கதை இதுதான்). யாரு குடுத்தாங்கறது அப்பறம், எவ்ளோ நாளா, எத்தன சொட்டு, ஊசி ஏதாவது உண்டா, இத கேளுங்க. டீம்ல இடம் போயிடும்னு பயமா, இல்ல கண்ணாடில பாத்து பிடிக்கலியான்னு தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

ஃபார்ம்ல கையெழுத்து போடுங்க, ஆனா டாக்டர் சரின்னு சொல்றவரைக்கும் அவன பாய்ல இறக்காதீங்க. எத்தன நாள் கழிச்சு ஆடினா டெஸ்ட்ல தெரியாதுன்னு கணக்கு போட உக்காந்துடாதீங்க, நீங்களே அதுக்கு உடந்தையாயிட்டா அப்பறம் அவன்கிட்ட எதையும் கேக்க முடியாது. இந்த சீசன் போனா போகட்டும், 11வதுதானே, அடுத்த வருஷம் இன்னொரு சீசன் இருக்கு.