குளிர்காலத்தில் பால் பைத்தான் தொட்டியில் ஈரப்பதம் நிற்கவே மாட்டேன் என்கிறது, என்ன செய்வது?

கேள்வி: டொராண்டோவில் அபார்ட்மென்ட்டில் பால் பைத்தான் (ball python, ஒரு வகை மலைப்பாம்பு) வளர்க்கிறேன். கண்ணாடித் தொட்டி, மேலே கம்பிவலை மூடி, அதன்மேல் செராமிக் பல்பு (வெளிச்சம் இல்லாமல் சூடு மட்டும் தருவது). வீட்டில் ஹீட்டர் ஓட ஆரம்பித்ததிலிருந்து ஈரப்பதம் 30 சதவீதத்தைத் தாண்டவில்லை. அடிக்கடி தண்ணீர் தெளித்தும் பயனில்லை. வெப்பத்தைக் கூட்டினால் இன்னும் இறங்குகிறது. சட்டை துண்டு துண்டாக உரிகிறது.

பதில்:

"வெப்பத்தைக் கூட்டினால் இன்னும் இறங்குகிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, விஷயமே அதில்தான் இருக்கிறது. வெப்பமும் ஈரப்பதமும் தனித்தனிப் பிரச்சினைகள் இல்லை. நானும் இதே ஊர்தான், இதே பாம்புதான் வளர்க்கிறேன். முதலில் அந்தத் தெளிப்பானை ஓரமாக வையுங்கள்.

ஹைக்ரோமீட்டர் (ஈரப்பதம் அளக்கும் மீட்டர்) காட்டுவது காற்றில் எவ்வளவு நீராவி இருக்கிறது என்பதை அல்ல. அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய அளவில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்பதைத்தான். சூடாக ஆகக் காற்றின் கொள்ளளவு ஏறும், சதவீதம் இறங்கும். வெளியே மைனஸ் 10 டிகிரியில் 80 சதவீதம் ஈரப்பதம் உள்ள காற்றை அப்படியே வீட்டுக்குள் விட்டு 22 டிகிரிக்குச் சூடாக்கினால் அது 10 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். நாம் சமைப்பது, குளிப்பது, துணி காயப்போடுவது எல்லாம் சேர்ந்துதான் வீட்டுக்குள் 25, 30 என்று நிற்கிறது. அந்தக் காற்று உங்கள் தொட்டிக்குள் போய் மறுபடியும் சூடாகிறது. தொட்டிக்குள்ளேயே பாருங்கள்: 26 டிகிரி உள்ள மூலையில் 60 சதவீதம் என்றால், அதே காற்று 32 டிகிரி உள்ள மூலையில் 42 சதவீதம்தான். ஒரு சொட்டு நீர்கூடக் குறையவில்லை!

அதனால் மீட்டரை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பது முக்கியம். பல்புக்கு நேர்கீழே கண்ணாடியில் மேலே ஒட்டியிருந்தால் அது காட்டும் எண்ணை நம்பவே வேண்டாம். பாம்பு தரையில் வாழ்கிறது, அங்கே அளக்க வேண்டும். குளிர்ந்த பக்கம் ஒன்று, சூடான பக்கம் ஒன்று. முள் வைத்த வட்ட மீட்டர்களைத் தூக்கிப் போடுங்கள், அவை பெரும்பாலும் இஷ்டத்துக்குக் காட்டும். டிஜிட்டலையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். பாட்டில் மூடி ஒன்றில் சமையல் உப்பு போட்டு, சேறு மாதிரி குழையும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, மீட்டரோடு ஒரு ஜிப் பையில் போட்டு இறுக மூடி, ஓர் இரவு விடுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 68 காட்டினால், உங்கள் மீட்டர் 7 குறைத்துச் சொல்கிறது என்று அர்த்தம்.

அடுத்தது மூடி. உங்கள் விஷயத்தில் முக்கால்வாசிக் குற்றவாளி அதுதான். பல்பு சூடாக்கிய காற்று மேலே ஏறி, நீராவியையும் இழுத்துக்கொண்டு கம்பிவலை வழியாகப் போய்விடுகிறது; கீழே வறண்ட காற்று வந்து நிரம்புகிறது. மூடாத இட்லிப் பானையில் எவ்வளவு தண்ணீர் ஊற்றி என்ன? வலையின் பெரும்பகுதியை அலுமினியம் ஃபாயிலும் டேப்பும் கொண்டு அடையுங்கள். பல்பைச் சுற்றி நன்றாக இடம் விடுங்கள், காற்றோட்டத்துக்கு ஓரமாகக் கொஞ்சம் திறந்திருக்கட்டும். டேப்பை வெளிப்பக்கம் மட்டும்தான் ஒட்ட வேண்டும், அதன் பசை வலைக் கண்கள் வழியாக உள்ளே தெரியக்கூடாது. அதற்கு வலையின்மேல் முதலில் சாதா ஃபாயிலை விரித்துவிட்டு, ஓரங்களை மட்டும் டேப்பால் பிடியுங்கள். டேப்பில் ஒட்டிக்கொண்ட பாம்பை விடுவிப்பது பாம்புக்கும் நரகம், நமக்கும் நரகம். பணம் இருந்தால் முன்கதவு வைத்த பிவிசி பெட்டிக்கு மாறிவிடலாம், பாதித் தலைவலி அதோடு போகும்.

தெளிப்பானை ஏன் வேண்டாம் என்றேன் என்றால், தெளித்ததும் 90-க்கு எகிறி, ஒரு மணி நேரத்தில் பழைய இடத்துக்கே வந்துவிடும். நடுவில் மேல்தரை மட்டும் நனைந்து கிடக்கும். நனைந்த தரையில் படுத்தே இருந்தால் வயிற்றுச் செதிள்கள் சிவந்து, அழுக ஆரம்பிக்கும். ஈரம் அடியில் இருக்க வேண்டும், மேலே காய்ந்திருக்க வேண்டும். தேங்காய் மட்டைத் துண்டுகளை 10 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்புங்கள். நான்கு மூலைகளிலும் கண்ணாடியை ஒட்டித் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். அது அடியில் பரவி மெல்ல மெல்ல மேலே வரும். கையை உள்ளே விட்டால் மேல் இரண்டு விரற்கடை காய்ந்தும், அதற்குக் கீழே ஈரமாகவும் இருந்தால் சரி. கையில் பிழிந்தால் தண்ணீர் சொட்டக்கூடாது. சாதாரண நாட்களில் குளிர்ந்த பக்கம் 60 முதல் 80-க்குள் நின்றால் போதும்.

இது ஏதோ செல்லம் கொடுப்பது இல்லை. மேற்கு, மத்திய ஆப்பிரிக்கப் புல்வெளிகளில் இந்தப் பாம்பு பகல் முழுக்க எலி வளைக்குள்ளோ கறையான் புற்றுக்குள்ளோதான் கிடக்கும். வெளியே வெயில் கொளுத்தினாலும் வளைக்குள் ஈரம் இருக்கும்.

வெப்பம்: சூடான பக்கம் 31-32, குளிர்ந்த பக்கம் 25-27, இரவில் 24-க்குக் கீழே வேண்டாம். எந்தச் சூடாக்கியாக இருந்தாலும் தெர்மோஸ்டாட் (சூடு அளவை மீறாமல் தானாகக் கட்டுப்படுத்தும் கருவி) இல்லாமல் ஒரு நாள்கூட ஓட்டாதீர்கள். பல்பு தொட்டிக்கு உள்ளே இருந்தால் அதைச் சுற்றிக் கம்பிக் கூண்டு கட்டாயம். ஹீட் மேட் (தொட்டிக்கு அடியில் வைக்கும் சூட்டு விரிப்பு) வைத்திருந்தால், தரையை இப்படி உயர்த்திய பிறகு அதை நிறுத்திவிடுங்கள். தடித்த படுக்கை சூட்டை அடியிலேயே அமுக்கி வைக்கும், பாம்பு தோண்டிக்கொண்டு போய் அந்தக் கண்ணாடியில் வயிற்றை வைத்துப் படுக்கும், பொசுங்கினாலும் உடனே நகராது. 'ஹீட் ராக்' என்று கடையில் விற்கும் சூட்டுக்கல்லை வாங்கவே வாங்காதீர்கள்.

சட்டை விஷயம். கண் பால் படிந்ததுபோல் வெளுத்ததும், ஈரமான ஸ்பேக்னம் பாசி அடைத்த, நுழைய ஒரு ஓட்டை மட்டும் உள்ள பிளாஸ்டிக் டப்பா ஒன்றைச் சூடான பக்கம் வைத்துவிடுங்கள். அதுவே போய்ச் சுருண்டுகொள்ளும். கண் மறுபடி தெளிந்து சில நாளில் ஒரே உறையாகக் கழற்றிவிடும். கழற்றியதை விரித்து, இரண்டு கண் மூடிகளும் (கண்மேல் இருக்கும் தெளிந்த தோல்) வால் நுனியும் அதில் இருக்கின்றனவா பாருங்கள். கண்மேல் மிச்சம் இருந்தால் நகத்தாலோ டேப்பாலோ பிய்க்காதீர்கள், கண்ணே போய்விடும். ஈரப்பதத்தைக் கூட்டி அடுத்த முறைவரை காத்திருக்கலாம். வால் நுனியில் வளையமாக ஒட்டியிருந்தால் மட்டும் விடக்கூடாது, இரத்த ஓட்டம் நின்று நுனி செத்துவிடும். ஈரத் துணிக்குள் வைத்து மெல்ல உருவ விடுங்கள்.

இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு: நம் நாட்டுப் பாம்பு எதையும் வீட்டில் வைத்திருப்பது சட்டப்படி குற்றம். பால் பைத்தான் சைட்டீஸ் (அரிய உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) இரண்டாம் பட்டியலில் வருகிறது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தத்துக்குப் பிறகு, வைத்திருப்பவர்கள் பதிவு செய்தாக வேண்டும்.

கடைசியாக ஒன்று. ஈரப்பதத்தை ஏற்றும் ஆர்வத்தில் வெப்பத்தைக் கோட்டை விடாதீர்கள். வறட்சியால் சட்டைதான் கிழியும். குளிரும் ஈரமும் சேர்ந்தால் நுரையீரலில் சளி கட்டும். மூச்சில் விசில் சத்தம், வாயோரம் குமிழி, வாயைத் திறந்தபடியே மூச்சு விடுவது, இதில் எது தெரிந்தாலும் இங்கே கேள்வி போட்டுக் காத்திருக்க வேண்டாம். ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் அன்றைக்கே போங்கள். எல்லா கிளினிக்கிலும் பாம்பு பார்க்க மாட்டார்கள், போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். போகும்போது பாம்பைத் துணிப்பையில் போட்டு, பையை ஒரு பெட்டிக்குள் வைத்து, காரை முன்கூட்டியே சூடாக்கி வையுங்கள்.