முடி கொட்டி உச்சி தெரிகிறது. தங்கை கல்யாணத்துக்கு முன்னால் மொத்தமாக மழித்துவிடலாமா?

உங்களுக்கு 27 வயது. நெற்றி ஏறிவிட்டது, உச்சியிலும் தோல் தெரிகிறது, தொப்பி இல்லாமல் தெருவில் இறங்குவதே இல்லை. தங்கைக்கு இன்னும் இரண்டு மாதத்தில் கல்யாணம். அதற்குள் மழித்துவிடலாமா, மழித்தால் நாலு பேர் முன்னால் எப்படி நிற்பது என்று கேட்டிருக்கிறீர்கள். படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. அந்தத் தொப்பியை நானும் நாலு வருஷம் போட்டிருந்தேன்.

மழித்துவிடுங்கள். ஆனால் கல்யாணத்துக்கு முந்தின வாரம் வேண்டாம், இந்த மாதமே செய்யுங்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

எனக்கு இப்போது 36 வயது. ஊர் திண்டுக்கல், வேலை மெடிக்கல் ரெப். தினமும் பத்து டாக்டர்களையாவது நேருக்கு நேர் பார்த்துப் பேச வேண்டிய வேலை. 24 வயதில் நெற்றியின் இரண்டு ஓரமும் ஏறத் தொடங்கியது. 28-ல் உச்சி தெரிந்தது. காலையில் தலைக்கே முக்கால் மணி நேரம் ஆகும். குளித்து, காயவைத்து, காதோரத்து முடியை இழுத்து மேலே படியவைத்து, உச்சியில் கறுப்புப் பொடி தூவி, அது உதிராமல் இருக்க மேலே ஸ்பிரே அடித்து. அப்புறம் ஹெல்மெட் போட்டதும் எல்லாம் கலைந்துவிடும். ஒவ்வொரு ஆஸ்பத்திரி வாசலிலும் பைக் கண்ணாடியில் குனிந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பேன். காத்திருக்கும் இடத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார மாட்டேன். டியூப்லைட்டுக்கு நேர் கீழே நின்று பேச மாட்டேன். அக்கா மகனைத் தோளில் தூக்கியதே இல்லை, குழந்தை தலையைத்தானே பிடிக்கும்.

இதையெல்லாம் யாரிடமும் சொன்னதில்லை. நீங்களும் இப்படி ஒரு பட்டியல் வைத்திருப்பீர்கள், அதனால்தான் சொல்கிறேன்.

எல்லாரையும் போல நானும் வைத்தியம் பார்த்தேன். அம்மா காய்ச்சிய கரிசலாங்கண்ணி எண்ணெய், சின்ன வெங்காயச் சாறு, வெந்தயம், செம்பருத்தி. போர் தண்ணீர்தான் காரணம் என்று தலைக்கு மட்டும் கேன் தண்ணீர் ஊற்றிய காலமும் உண்டு. ஹெல்மெட்டையும் திட்டியிருக்கிறேன். இவை எதுவும் ஆண்களின் வழுக்கைக்குக் காரணமும் இல்லை, மருந்தும் இல்லை. டெஸ்டோஸ்டிரோனிலிருந்து உடம்பே உண்டாக்கும் டிஹெச்டி என்ற ஹார்மோன்தான் இதைச் செய்கிறது. பரம்பரையாக அதற்கு இளகும் வேர்கள் நெற்றியிலும் உச்சியிலும் இருக்கின்றன. அவை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி, முடி மெலிந்து, கடைசியில் பூனை முடியாகிவிடும். பின்தலையிலும் காதோரத்திலும் உள்ள வேர்கள் அசைவதில்லை. முடி நடுகிறவர்கள் அங்கிருந்து எடுத்து முன்னால் வைப்பது அதனால்தான். பருவ வயதுக்கு முன்பே விரை நீக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்று ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1942-லேயே எழுதிவிட்டார். தாய்வழித் தாத்தாவைப் பார்த்தால் தெரியும் என்று ஊரில் சொல்வதிலும் பாதி உண்மை உண்டு. முக்கியமான மரபணு ஒன்று அம்மாவிடமிருந்துதான் வருகிறது. ஆனால் அப்பா வழியிலும் பல வருகின்றன. மொத்தத்தில், நீங்கள் செய்த தப்பு என்று எதுவும் இல்லை.

மருந்து இல்லை என்றும் சொல்ல மாட்டேன். மினாக்சிடில் முதலில் ரத்த அழுத்த மாத்திரையாக வந்தது. சாப்பிட்டவர்களுக்கு உடம்பில் முடி முளைத்ததைப் பார்த்து, தலையில் தடவும் மருந்தாக்கி, 1988-ல் அமெரிக்காவில் அனுமதி வாங்கினார்கள். ஃபினாஸ்டெரைடு புராஸ்டேட் வீக்கத்துக்கு வந்த மாத்திரை, வழுக்கைக்கு 1 மில்லிகிராம் அளவில் 1997-ல் அனுமதி பெற்றது. இரண்டும் பலருக்குப் பலன் தருகின்றன, குறிப்பாகச் சீக்கிரம் தொடங்கியவர்களுக்கு. ஆனால் நிறுத்தினால் சில மாதங்களில் பழைய நிலைக்கு வந்துவிடும். ஃபினாஸ்டெரைடில் சிலருக்குப் பாலுறவு தொடர்பான பக்க விளைவுகள் வரும், டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. நான் மினாக்சிடிலை 14 மாதம் தடவினேன். உச்சியில் கொஞ்சம் தளிர்த்தது, முன்னால் ஒன்றும் இல்லை, அரிப்பு தாங்கவில்லை. விட்டுவிட்டேன். உங்களுக்கு அந்த வழியில் போக ஆசை இருந்தால் போங்கள், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

ஒன்று மட்டும், மழிக்கும் முன் ஒரு தோல் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். வட்ட வட்டமாகக் கொட்டினால் அது புழுவெட்டு, வேறு வகை. டைபாய்டு, டெங்கு மாதிரி பெரிய காய்ச்சல் வந்து இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்தாகக் கொட்டினால் பெரும்பாலும் தானாகவே திரும்ப முளைத்துவிடும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இரண்டும் இல்லை, என்றாலும் கேட்டுக்கொள்வது நல்லது.

இனி என் கதை. 30 வயதில் அப்பா போய்விட்டார். மூத்த மகன் நான். சுடுகாட்டில் கொள்ளி வைக்கும் முன் தலையையும் மீசையையும் மழித்தார்கள். அன்றைக்கு அதைப் பற்றி யோசிக்கும் நிலையில் நான் இல்லை. காரியம் முடிந்து வேலைக்குப் போன பிறகுதான் ஒன்று தெரிந்தது. காலையில் கண்ணாடி முன் நிற்கவில்லை, பொடி தூவவில்லை, பைக் கண்ணாடியில் குனியவில்லை. டாக்டர்கள் என் கண்ணைப் பார்த்துப் பேசினார்கள். முன்பும் அப்படித்தான் பேசியிருப்பார்கள். அவர்கள் கண் எங்கே போகிறது என்று கவனித்துக்கொண்டிருந்ததில் அது எனக்குத் தெரிந்ததில்லை. அப்பா போன துக்கத்துக்கு நடுவே இப்படி ஒரு நிம்மதி வந்தது என்று வெளியே சொல்லக்கூட மனசு வரவில்லை.

இரண்டு மாதத்தில் முடி வளர்ந்தது, பழைய திட்டுகளோடு. மழித்தால் அடர்த்தியாக வரும் என்பது சும்மா. வெட்டிய நுனி மொட்டையாக இருப்பதால் கையில் சொரசொரவென்று படும், அவ்வளவுதான். வேர் தோலுக்குள் இருக்கிறது, பிளேடு அதைத் தொடுவதே இல்லை. நானும் பொடி டப்பாவை மறுபடி எடுத்தேன். இன்னும் ஒன்றரை வருஷம் அப்படியே ஓடியது.

மாதம் ஒருமுறை வேலையாகப் பழனிக்குப் போவேன். ஒரு தைப்பூச சமயம், அடிவாரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். எதிரே போகிற கூட்டத்தில் எங்கே பார்த்தாலும் மொட்டைத்தலைகள். சந்தனம் பூசிய தலைகள், ஆண், பெண், கைக்குழந்தை. என் அம்மா வயதுப் பெண் ஒருவர் இடுப்பு வரை இருந்திருக்கக்கூடிய கூந்தலைக் கொடுத்துவிட்டு, ஈரச் சந்தனம் காயக் காய, சிரித்துப் பேசிக்கொண்டு போனார். நான் அந்த வெயிலில் பொடி கரைந்து நெற்றியில் வழிகிறதா என்று கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டிருந்தேன். அந்தம்மா கொடுத்துவிட்டார். என்னிடமிருந்து போய்க்கொண்டிருந்தது, நான் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன். நம் ஊரில் மொட்டை அவமானம் என்று யார் சொன்னது? குழந்தைக்கு முதல் முடி எடுக்கும்போது தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் கொண்டாடுகிறோம். எனக்கு வெட்கமாக இருந்தது மொட்டை இல்லை, மறைப்பதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே வழக்கமான சலூனுக்குப் போனேன். அண்ணே, மிஷின் ஸீரோ போட்டுட்டு அப்புறம் மழிச்சிடுங்க என்றேன். அவர் கையை நிறுத்தி, “வேண்டுதலா தம்பி?” என்று கேட்டார். இல்லண்ணே, சொட்டை விழுந்துடுச்சு, அதான் எடுத்துடறேன் என்றேன். அந்த வார்த்தையை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் ஒன்றும் சொல்லாமல் புது பிளேடு போட்டார்.

நாலு பேர் முன்னால் எப்படி நிற்பது என்று கேட்டீர்களே, அதற்கு வருகிறேன். வெளிநாட்டில் எப்படியோ, நம் ஊரில் மொட்டைத்தலைக்கு ஒரு காரணம் கேட்பார்கள். பழனியா திருப்பதியா, வீட்டில் ஏதாவது துக்கமா, உடம்புக்கு என்ன, சிகிச்சையா? முதல் வாரம் என்னிடம் ஒரு நாளைக்கு இருபது தடவையாவது கேட்டார்கள். திருப்பதி என்று ஒரு பொய் சொல்லிவிட்டால் அப்போதைக்குத் தப்பிக்கலாம். சொல்லாதீர்கள். இரண்டு மாதம் கழித்து, இன்னும் வளரலையா என்று அதே ஆள் கேட்பார், அப்போது அடுத்த பொய் வேண்டும். மறுபடி மறைக்கும் வேலை தொடங்கிவிடும். முடி கொட்டிடுச்சு, எடுத்துட்டேன், இனி இப்படித்தான் என்று மூன்று துண்டாகச் சொல்லிவிடுங்கள். கேட்டவர் ஓ என்பார், அத்தோடு பேச்சு வேறு பக்கம் போய்விடும். சிலர் நல்லாத்தான் இருக்கு என்பார்கள். ஒரு சிலர் கிண்டல் செய்வார்கள், முதல் இரண்டு தடவை வலிக்கும். மறைக்க எதுவும் இல்லாதபோது கிண்டலுக்குப் பிடி கிடைக்காது, சீக்கிரம் ஓய்ந்துவிடும்.

அமெரிக்காவின் வார்ட்டன் வணிகக் கல்லூரியைச் சேர்ந்த ஆல்பர்ட் மேன்ஸ் 2012-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். ஒரே ஆட்களின் படத்தை முடியோடும், கணினியில் முடியை அழித்தும் காட்டியபோது, மழித்த தலை ஆட்களை ஓர் அங்குலம் அளவுக்கு உயரமாகவும், 13 சதவீதம் பலசாலியாகவும் பார்த்தவர்கள் மதிப்பிட்டார்கள். வயதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொன்னார்கள், அதையும் மறைக்க வேண்டாம். அமெரிக்கர்களிடம் எடுத்த ஆய்வு, நம் ஊருக்கு அப்படியே பொருந்தும் என்று நான் நம்பவில்லை. ஆனால் பாதி கொட்டிய முடியோடு இருந்தவர்களுக்குத்தான் அதில் மதிப்பு குறைவு. என் அனுபவமும் அதுதான்.

மழித்த பிறகு தெரிந்துகொண்டவற்றையும் சொல்லிவிடுகிறேன். தலைத் தோல் முகத்தைவிட வெளுப்பாக இருக்கும். தொப்பி போட்டுப் பழகிய உங்களுக்கு இன்னும் அதிகமாகத் தெரியும். நிறம் ஒன்றாகச் சேர எனக்கு மூன்று வாரம் ஆனது. அவசரப்பட்டு வெயிலில் நிற்காதீர்கள், சுட்டுவிடும். எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன் தலைக்கும், காது மடலுக்கும், பிடரிக்கும் தடவுங்கள். அந்தத் தொப்பியைத் தூக்கிப் போட வேண்டாம், மதிய வெயிலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வியர்வையைத் தாங்க முடி இல்லாததால் நேராகக் கண்ணில் இறங்கும். ஹெல்மெட்டுக்குள் ஒரு மெல்லிய பருத்தித் துணி கட்டிக்கொள்ளுங்கள். ஹெல்மெட்டே கொஞ்சம் தளர்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். வீட்டில் மழிப்பதென்றால் குளித்ததும், தோல் ஊறியிருக்கும்போது, முடி சாயும் திசையில் இழுங்கள். எதிர்த்திசையில் இழுத்தால் வழவழப்பாக வரும், ஆனால் பிடரியில் முடி உள்ளே சுருண்டு கட்டி கட்டியாக வரும். எனக்கு வந்து ஒரு வாரம் அவதிப்பட்டேன். மூன்றாம் நாள் முடி குத்தத் தொடங்கும், தலையணை உறையில் மாட்டும். இரண்டு நாளுக்கு ஒருமுறை ஐந்து நிமிஷம் போதும். தாடி வருமென்றால் கொஞ்சம் விட்டு ஒழுங்காக வெட்டிக்கொள்ளுங்கள், முகத்துக்கு ஓர் எல்லை கிடைக்கும். முதல் நாள் குளிக்கும்போது தண்ணீர் நேராகத் தலைத் தோலில் விழும் சுகத்தை நீங்களே தெரிந்துகொள்ளுங்கள்.

வீட்டைப் பற்றி. நான் செய்த தப்பு, அம்மாவிடம் சொல்லாமல் போனது. கதவைத் திறந்து என்னைப் பார்த்ததும் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். அப்பா போன அன்று பார்த்த அதே தலை. எனக்கு அது தோன்றவே இல்லை. என் தலையையே பார்த்துக்கொண்டிருந்ததில் அவர் என்ன பார்ப்பார் என்று யோசிக்கவில்லை. அவர் பழக ஒரு மாதம் ஆனது. இப்போது சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு முன்பு போலவே என்னை மணையில் உட்காரவைத்து உச்சியில் நல்லெண்ணெய் வைக்கிறார். கால்வாசி எண்ணெய் போதும்டா என்கிறார்.

அதனால், சலூனுக்குப் போகும் முன் உங்கள் அம்மாவிடமும் தங்கையிடமும் சொல்லுங்கள். கல்யாண வீட்டில் மொட்டைத்தலையா, அபசகுனம் என்று ஒரு பெரியம்மாவாவது சொல்லத்தான் செய்வார். பொரியிடவும் மாப்பிள்ளைக்கு மோதிரம் போடவும் மணமேடைக்கு நீங்கள் ஏற வேண்டியிருக்கும், ஆல்பம் முழுக்க நீங்கள் இருப்பீர்கள். இப்போதே மழித்தால் அந்தப் பேச்சு இந்த மாதத்தோடு பேசித் தீர்ந்துவிடும், நிறமும் சேர்ந்துவிடும், பத்திரிகை கொடுக்கப் போகும் வீடுகளிலேயே பாதிச் சொந்தம் பார்த்துப் பழகிவிடும். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் காலையில் ஒருமுறை மழித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கே வேண்டாம், கீறல் விழுந்தால் ஃபோட்டோவில் தெரியும். மேடை விளக்குச் சூட்டில் தலை வியர்க்கும், சட்டைப் பையில் ஒரு கைக்குட்டை அதிகமாக வைத்துக்கொள்ளுங்கள்.