ஆயில் பெயிண்டிங் கற்க, பல உருவங்கள் உள்ள பழைய ஓவியத்தைப் பார்த்து வரையலாமா?

தாராளமாக வரையலாம். ஒன்று மட்டும்: முகத்தில் ஆரம்பிக்காதீர்கள்.

நான் கற்றது இத்தாலிய ஓவியர் கரவாஜியோவின் ‘கிறிஸ்துவின் நல்லடக்கம்’ ஓவியத்தைப் பார்த்து. 1603-04இல் ரோமில் ஒரு தேவாலயத்துக்காக வரைந்தது, இப்போது வத்திக்கானில் இருக்கிறது. இறந்த இயேசுவையும் சேர்த்து ஆறு பேர் நெருக்கியடித்து இருக்கிறார்கள், ஆனாலும் கண் எங்கும் தடுமாறுவதில்லை. வலது மேல் பக்கம் ஒரு பெண் கைகளை உயர்த்தியிருக்கிறாள். அங்கிருந்து தலைகள் ஒவ்வொன்றாகத் தாழ்ந்துகொண்டே வந்து, கீழே கல்லைத் தொடும் இயேசுவின் கையில் முடிகிறது. அந்தச் சரிவு பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது.

அசல் சுமார் 3 மீட்டர் உயரம், 2 மீட்டர் அகலம். 36-க்கு 24 அங்குல கேன்வாஸ் ஏறக்குறைய அதே விகிதம் என்பதால் பார்த்து வரையக் கட்டம் போடுவது சுலபம். வெள்ளைத் துணியில் நேரடியாக இறங்க வேண்டாம். பர்ன்ட் அம்பர் என்ற அடர் பழுப்பு பெயின்ட்டை டர்பன்டைனில் கரைத்து மெல்லிசாகப் பூசிக் காயவிடுங்கள். அப்புறம் அதே நிறத்தில் நிழல்களை மட்டும் பெரிய திட்டுகளாக வையுங்கள். விரல், மூக்கு எதுவும் இப்போது தேவையில்லை. கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் கூட்டம் முழுவதும் ஒரே வெளிச்சத் திட்டாகத் தெரிய வேண்டும்.

உடல் நிறத்துக்கு வரும்போது நிழலில் வெள்ளை கலக்காதீர்கள். இன்றைய டைட்டானியம் வெள்ளை அக்காலத்து ஈய வெள்ளையைவிடக் கனமாக மூடும்; கொஞ்சம் கலந்தாலே இயேசுவின் விலா சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆகிவிடும். நிழல் மெல்லிசாக இருந்து அடியிலுள்ள பழுப்பு தெரியட்டும், வெளிச்சம் படும் இடத்தில் மட்டும் பெயின்ட் தடிமனாக நிற்கட்டும். கீழ் அடுக்கில் எண்ணெய் குறைவு, மேலே போகப் போகக் கூடுதல். இதை மாற்றிச் செய்தால் நாளடைவில் வெடிப்பு விடும்.

ஃபிளெமிஷ் ஓவியர் ரூபென்ஸும் 1612-14 வாக்கில் இதே ஓவியத்தைப் பார்த்து வரைந்தார். அது கனடாவில், ஒட்டாவாவில் இருக்கிறது. அவர் அப்படியே எடுக்கவில்லை, உருவங்களைத் தன் போக்கில் மாற்றினார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அமைப்பில் ஓர் உருவம் நகர்ந்தால் என்ன ஆகிறது என்று நன்றாகப் புரியும்.

முழுப் படமும் மலைப்பாக இருந்தால், தொங்கும் கையையும் கல்லின் விளிம்பையும் மட்டும் சிறிய போர்டில் முதலில் வரையுங்கள்.